வில்பர் டிங்வாலின் சந்தேகங்கள்

வில்பர் டிங்வால் என்ற மாணவனைப் பிறப்பிக்க ரைமோ சலோனெனுக்குப் பதினேழு நிமிடம் பிடித்தது.

கணினிப் பிரிவின் தலைவர் என்பதால் வகுப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கணினி பிறந்த தேதி கேட்டது. தன்னுடையதையே போட்டு, வருடத்தோடு மட்டும் நாற்பத்திரண்டைக் கூட்டினார். ஊர் கேட்டது. கெனோரா என்று போட்டார். படம் கேட்டது. ஒரு மூஸ் மானின் படத்தை ஏற்றினார். கணினி அதையும் ஏற்றுக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது. ஜொயெல் டெரோசியே உள்ளே வந்தாள்.

"என்ன பண்றீங்க ரைமோ? கதவெல்லாம் சாத்திட்டு?"

"உன் வேலையைக் காப்பாத்திட்டு இருக்கேன். உட்காரு."

ஜொயெல் நான்கு வருடமாக அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர். அதற்கு முன் தண்டர் பே நகரத்துக் காகித ஆலை ஒன்றில் எடை போடும் வேலை. ஆலையை மூடியபோது அவளுக்கு முப்பது வயது, இரண்டு குழந்தைகள். ரைமோவின் வகுப்பில் வந்து சேர்ந்து, முதல் தேர்வில் இருபத்தெட்டு மார்க் வாங்கி, கடைசித் தேர்வில் தொண்ணூற்று நாலு வாங்கியவள். நிரல் ஓடவில்லை என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளிடம் அவள் விடையைச் சொல்லமாட்டாள். "மூணாவது வரியை இன்னொரு தடவை பாரு" என்பாள். பார்ப்பார்கள். மறுபடி பார்ப்பார்கள். பிறகு ஆய்வகத்தில் ஒரு கூச்சல் கேட்கும், கண்டுபிடித்துவிட்டேன் என்று. அந்தக் கூச்சலுக்காகத்தான் ரைமோ முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்.

செப்டம்பரில் கல்லூரியின் டீன், மெரிடித் பாயில் என்பவர், ஒரு செயற்கை அறிவு இயந்திரத்தை அறிவித்தார். பெயர் மில்லி. மாணவர்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் கேள்வியைத் தட்டினால் மில்லி பதில் சொல்லும். மில்லி ஒழுங்காக வேலை செய்கிறது என்று டிசம்பரில் கல்லூரிக் கமிட்டி முடிவு செய்தால், ஜனவரியிலிருந்து ஜொயெலின் இடம் தேவையில்லை.

"மெஷின்னா தப்புப் பண்ணும்" என்றார் ரைமோ. "பண்ண வைக்கறேன். ஒவ்வொண்ணையும் அச்சடிச்சு டிசம்பர்ல கமிட்டி முன்னாடி வைக்கறேன். வில்பர்தான் நம்ம ஆளு."

ஜொயெல் திரையில் இருந்த மூஸைப் பார்த்தாள். "பார்த்தாலே கொஞ்சம் மந்தமா இருக்கான்."

"மந்தம்தான் வேணும். புத்திசாலிக் கேள்விக்கு எது வேணா பதில் சொல்லிடும். முட்டாள் கேள்வியிலதான் மாட்டும்."

வில்பரின் முதல் சந்தேகம் அன்றே போனது. பட்டியலை ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும், இதைக் கண்டுபிடித்தவனுக்கு எண்ணவே தெரியாதா?

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. இருபத்தைந்தாவது நிமிடம் பதில் வந்தது.

"வில்பர், குழந்தை பிறந்த அன்னிக்கே அதுக்கு ஒரு வயசுன்னு யாரும் சொல்றதில்லையே. முதல் வருஷம் முடியற வரைக்கும் பூஜ்யம்தான். பட்டியலும் அப்படித்தான். முதல் ஆளு ஆரம்பத்திலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்கிறான்? தள்ளியே நிக்கலை. அதான் பூஜ்யம்."

ரைமோ அதை மூன்று முறை படித்தார். முப்பது வருடமாக இதே கேள்விக்கு அவர் கரும்பலகை நிறைய விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை" என்றார் கடுகடுப்பாக. "ஆனா இருபத்தஞ்சு நிமிஷம்! இதுக்குப் பேரு கம்ப்யூட்டரா?"

நேராக டீனிடம் போனார். டீன் எப்போதும் நின்றுகொண்டே வேலை செய்பவர். அவருடைய மேசையும் அதற்கேற்ப உயரம். ரைமோ தான் ஒரு மதுக்கடைக் கவுண்டரில் நிற்பது போல உணர்ந்தபடி புகாரைச் சொன்னார்.

"இருபத்தஞ்சு நிமிஷமா? அருமை!" என்றார் டீன்.

"அருமையா?"

"மத்த மெஷினெல்லாம் யோசிக்காம உளறுது ரைமோ. இது யோசிக்குது. அந்த நேரத்துல மாணவனும் யோசிக்கறான். இதை நான் அறிக்கையில எழுதிக்கறேன்."

"சனி, ஞாயிறு பதிலே வரலை."

"பிள்ளைங்க ஓய்வெடுக்கட்டுமே! எவ்வளவு பொறுப்பா வடிவமைச்சிருக்காங்க!" டீன் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்த ரைமோ பிரிவு அலுவலகத்தில் நின்றார். டோரீன் கோவல்சுக் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாகப் பிரிவின் செயலாளர். கேள்வித்தாள், விடைத்தாள், பாடக்குறிப்பு என்று ரைமோ கிறுக்கித் தருவதையெல்லாம் மனிதர்கள் படிக்கும்படி ஆக்குபவர்.

"டோரீன், அந்த மெஷினைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

"எந்த மெஷின்? எனக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல ரைமோ. உங்க அக்டோபர் பரீட்சைத் தாள் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

யாருக்கும் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டு ரைமோ அறைக்குத் திரும்பினார். சலோனென் குடும்பத்தில் யாரும் பாதியில் விட்டதில்லை. அவருடைய அப்பா உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், பனிக்கட்டி உடைந்து வண்டி மூழ்கியபோது, முதலில் மீனை மேலே வீசிவிட்டு அப்புறம்தான் தான் ஏறினார்.

சரி, கோபப்படுத்திப் பார்ப்போம் என்று தீர்மானித்தார். வில்பர் ஒரு நிரலையும் இணைத்து எழுதினான்: "நீ ஒரு தகர டப்பா. என் நிரல் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாம் உன் பாடத்தோட லட்சணம்."

அரை மணி நேரத்தில் பதில்.

"வில்பர், இன்னிக்கு உனக்கு நாள் சரியில்லை போல. சாப்பிட்டியா? முதல்ல ஏதாவது சாப்பிடு. நிரல் எங்கேயும் ஓடிப்போயிடாது, அதுதான் நிக்காம அங்கேயே சுத்திட்டு இருக்கே. பனி நிக்கிற வரைக்கும் தள்ளுன்னு சொல்ற மாதிரி எழுதியிருக்கே. ஆனா பனி நின்னுச்சான்னு வெளியில எட்டிப் பார்க்கவே சொல்லலை. அப்புறம் மே மாசம் வந்தாலும் தள்ளிட்டேதான் இருப்பே."

ரைமோவுக்குக் கை துறுதுறுத்தது. மறுநாள் வகுப்பில் இதைச் சத்தமாகப் படித்தார். "கேட்டீங்களா? மெஷின் சாப்பாடு பத்திக் கேக்குது! வயிறே இல்லாத ஒண்ணு! இதையா நம்பறீங்க?"

வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதே இல்லை" என்றாள்.

"எங்க அம்மாவே கேக்கறதில்லை" என்றான் இன்னொருவன்.

அதுவரை மில்லியைப் பத்துப் பேர்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் ஐம்பத்தொரு பேர் ஆனார்கள். ஜொயெலின் ஆய்வகத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரைமோ, நீங்க உதவி பண்றதைக் கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்."

"இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு. வேலை குடுத்தே திணறடிக்கறேன்."

நவம்பர் பிறந்தது. வில்பர் டிங்வால் ஒரு நாளைக்கு இருபது சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். காலை ஒன்பதுக்கு நாலு, மதியத்துக்குள் எட்டு, வீட்டுக்குப் போவதற்குள் மிச்சம். கேட்டதையே திருப்பிக் கேட்டான். மாறியும் மாறிலியும் கணவன் மனைவியா என்று கேட்டான். விசைப்பலகையில் காபி கொட்டினால் நிரலும் நனையுமா என்று கேட்டான். ரைமோ தன் வாழ்நாளில் சந்தித்த அத்தனை மட்டி மாணவர்களையும் ஞாபகப்படுத்தி ஒருவனுக்குள் அடைத்தார். அது ஒரு சாதனைதான். சில நாள் வில்பரின் கேள்விகளை எழுதிவிட்டு அவருக்கே தலை வலித்தது.

பதில்கள் தாமதமாயின. ஆனால் நிற்கவில்லை. "இதை நேத்தும் கேட்டே வில்பர், பரவாயில்லை, இன்னிக்கு வேற மாதிரி சொல்றேன்" என்று தொடங்கி, நிஜமாகவே வேறு மாதிரி சொன்னது.

இதற்கிடையில் அவருடைய சொந்த வேலைகள் தேங்கின. டோரீன் டிசம்பர் பரீட்சைத் தாளைத் தரவே இல்லை. அலுவலகத்தில் போய்ப் பார்த்தபோது அவர் தோளில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"என்ன டோரீன் இது?"

"தோள்பட்டை வலி. கேக்காதீங்க. வேலை அப்படி."

ரைமோ இரக்கப்பட்டு, அடுத்த நாள் அவருக்கு இளஞ்சிவப்புப் பாகு தடவிய பெர்ஷியன் பன் இரண்டு வாங்கிவந்து கொடுத்தார். பிறகு அறைக்குப் போய் இருபது கேள்வி அனுப்பினார்.

நவம்பர் கடைசியில் டீன் கூப்பிட்டனுப்பினார். மெஷின் படுத்துவிட்டது என்ற நிச்சயத்தோடு ரைமோ படியேறினார்.

"ரைமோ, உங்க வகுப்புல ஒரு ரத்தினத்தை வெச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லவே இல்லையே!" டீன் ஒரு தாளை நீட்டினார். "வில்பர் டிங்வால். முன்னூத்திப் பதினெட்டு கேள்வி கேட்டிருக்கான். முன்னூத்திப் பதினெட்டு!"

ரைமோ தாளை வாங்கிப் பார்த்தார். "அவன் ஒரு... மந்தமான பையன்."

"அதான் விஷயமே! இவ்வளவு மந்தமான பையன் ஒரு மனுஷன்கிட்ட முன்னூறு தடவை போய் நிப்பானா? வெக்கப்பட்டுப் படிப்பையே விட்டிருப்பான். மில்லிகிட்ட கேக்கறான். அறிக்கையோட முதல் பக்கமே வில்பர்தான். படத்தைப் பார்த்தேன், மூஸ் படம் போட்டிருக்கான். எவ்வளவு கூச்ச சுபாவம்!"

ரைமோ படியிறங்கும்போது மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த ஆள் எதிரணிக்கு ஆடிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் விடவில்லை. கமிட்டி கூடுவதற்கு முந்தைய வாரம் நேருக்கு நேர் போட்டி ஒன்றை முன்வைத்தார். ஒரே ஐந்து கேள்விகள். ஜொயெல் ஒரு பக்கம், மில்லி ஒரு பக்கம். கமிட்டி உறுப்பினர்கள் ஐந்து பேரும் நேரில் பார்க்கட்டும்.

"என்னைக் கேக்காமலேயே சொல்லிட்டீங்களா?" என்றாள் ஜொயெல்.

"நீ ஜெயிப்பே."

"ஜெயிக்கறதுக்கு இது என்ன கர்லிங் ஆட்டமா? ரைமோ, எனக்கு வீட்டுக்கடன் இருக்கு. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் பேசாம மருத்துவமனையில கணக்கெழுத விண்ணப்பம் போட்டிருக்கலாம்."

"விண்ணப்பம் போட்டியா?"

"இல்லை" என்றாள். "எனக்கு அந்தக் கூச்சல் பிடிக்கும்."

ரைமோ அறைக்குப் போய் ஐந்து கேள்விகளைத் தயார் செய்தார். பழைய பரீட்சைத் தாள்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை, ஒவ்வொன்றும் கண்ணிவெடி.

போட்டி மதியம் இரண்டு மணிக்கு நடந்தது. கேள்விகளை மில்லிக்கு அனுப்பினார்கள். ஜொயெல் எழுந்து நின்று ஐந்துக்கும் ஆறே நிமிடத்தில் பதில் சொன்னாள். நாலு துல்லியமான விடை. நான்காவது கேள்விக்கு மட்டும் "இதுல ஏதோ உதைக்குது, இன்னொரு தடவை பார்க்கணும்" என்றாள்.

கமிட்டியில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். "யோசிக்காமலே சொல்லிட்டாங்க, பார்த்தீங்களா?"

பிறகு மில்லிக்காகக் காத்திருந்தார்கள். காபி பரிமாற டோரீனைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் அவசர வேலை, எழுந்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரைமோவே எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

நாற்பதாவது நிமிடம் பதில் திரையில் வந்தது. ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றில் பேக்கரி வரிசையை வைத்து ஒரு உதாரணம், கமிட்டியே சிரித்தது. நான்காவதைப் பார்த்து ரைமோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாலாவது கேள்வியே தப்பு. பட்டியல்ல எட்டு எண் இருக்குன்னு எழுதியிருக்கு, எண்ணிப் பார்த்தா ஏழுதான். போன வருஷத் தாள்லயும் இதே தப்பு, அதுக்கு முந்தின வருஷமும் இதே தப்பு. அதனால இதுக்கு எல்லாருக்கும் முழு மார்க் குடுத்துடறதுதான் நியாயம்."

ரைமோ தாளை எடுத்து எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழேதான்.

"பழைய தாளெல்லாம் இதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"உலகத்துல இருக்கிறதை எல்லாம் படிச்சிருக்கு ரைமோ" என்றார் டீன் பெருமையோடு.

வாக்கெடுப்பு நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஐந்துக்கு ஐந்தும் மில்லிக்கு. ஜொயெலின் பணி டிசம்பர் முப்பத்தொன்றோடு நிறைவடையும். அவள் எல்லோரிடமும் கை கொடுத்தாள். ரைமோவிடம் வரும்போது, "நாலாவதுல உதைக்குதுன்னு சொன்னேன் இல்லே" என்று மட்டும் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கூட்டம் கலையும்போது டீன் அவரை நிறுத்தினார்.

"பன்னிரண்டாம் தேதி விழாவுல வில்பருக்கு ஒரு பரிசு குடுக்கப் போறோம். 'விடாமுயற்சி விருது'. நீங்கதான் அவனை மேடைக்குக் கூட்டிட்டு வரணும்."

"அவன் வரமாட்டான்."

"கூச்சப்படுவான்னு எனக்குத் தெரியும். நீங்க கூட நில்லுங்க. அவங்க அப்பா அம்மாவையும் கெனோராவிலேர்ந்து வரச் சொல்லுங்க, பெட்ரோல் செலவைக் கல்லூரி குடுத்துடும்."

ரைமோ அறைக்கு வந்து, கதவைச் சாத்தாமல், உட்கார்ந்தார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. டீனிடம் போய் வில்பர் தான்தான் என்று சொல்லலாம். சொன்னால் மோசடி செய்த பிரிவுத் தலைவர் என்ற பெயர் கிடைக்கும், ஜொயெலுக்கு வேலை கிடைக்காது. சொல்லாவிட்டால் பன்னிரண்டாம் தேதி ஒரு மூஸைத்தான் மேடையேற்ற வேண்டும்.

நெடுநேரம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்தார். இந்த முறை அவர் தீர்மானம் எளிமையாக இருந்தது. அவளை வெளியே அனுப்பும் இடத்தில் தானும் இருக்கப்போவதில்லை. அவருடைய சம்பளத்தில் இரண்டு ஜொயெல்களை வைத்துக்கொள்ளலாம். வில்பர் விவகாரத்தையும் ஒளிக்காமல் எழுதினார். தானே உருவாக்கியவன், தானே கேட்டவை, எல்லாப் பழியும் தன்னுடையது. காலியாகும் சம்பளத்தில் ஜொயெல் டெரோசியேயை நிரந்தரமாக்க வேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. இரண்டு பக்கம் வந்தது. வழக்கம்போல யாரும் படிக்க முடியாத கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். டோரீன் வெந்நீர்ப் பையைக் கழற்றிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டோரீன், இதை டைப் அடிச்சு டீனுக்கு அனுப்பணும். நாளைக்குக் காலையில போதும்."

டோரீன் வாங்கி முதல் வரியைப் பார்த்தார். அந்த ஒரு வரியிலேயே 'ராஜினாமா' என்ற சொல் இருந்தது. கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ரைமோ இது? முப்பது வருஷம் ஆச்சு!"

"முடிவு பண்ணிட்டேன். பேசிப் பிரயோஜனம் இல்லை."

"நீங்க முடிவு பண்ணினா யார் சொன்னாலும் கேக்கமாட்டீங்க, எனக்குத் தெரியாதா." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பருவத்து மார்க்காவது போட்டுட்டுப் போவீங்களா?"

"போட்டுட்டுத்தான் போவேன்."

"அப்ப எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. நான் இதுவரைக்கும் எந்தப் பிள்ளைக்காகவும் உங்ககிட்ட சிபாரிசுன்னு வந்ததில்லை."

"சொல்லுங்க டோரீன்."

"அந்தப் புது மெஷினை இணைக்கிற வரைக்கும் பிள்ளைங்க கேள்வியெல்லாம் என் மெயிலுக்குத்தான் வரும், நீங்களே பதில் போட்டுடுங்கன்னு செப்டம்பர்ல அந்தக் கம்பெனிக்காரங்க சொல்லிட்டுப் போனாங்க, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து இணைக்கலை, அதுல வில்பர் டிங்வால்னு ஒரு பையன், மண்டையில ஒண்ணும் ஏறாது, பாவம், வாயும் கொஞ்சம் மோசம், ஆனா நாள் தவறாம இருபது கேள்வி கேட்டு முட்டி மோதிக்கிட்டு இருக்கான் ரைமோ, அவனை மட்டும் எப்படியாவது பாஸ் பண்ணி விட்டுட்டுப் போங்க."